கடைசிக் கட்டத்தின் கறுப்பு

தூத்துக்குடி மக்ரூனை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, டப்பாவைத் துண்டில் சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்துத்தான் என் மனைவி லில்லி அனுப்பினாள். ஷார்ஜாவில் இறங்கி, மகள் தங்கியிருந்த கட்டடத்தின் வாசலில் வைத்துத் திறந்தபோது, உள்ளே முந்திரி வாசனையோடு சீனிப்பொடி மட்டும் இருந்தது.

"அப்பா, இத ஆஷா மேடத்துக்கு ஸ்பூனோடதான் குடுக்கணும்" என்று ஜெனி சிரித்தாள்.

ஜெனி எங்கள் ஒரே மகள். ஷார்ஜா தொழில்பேட்டையில், பெரிய பெரிய ஃபோட்டோக்களை அச்சிடும் லேப் ஒன்றில் வேலை. ஆஷா என்கிற ஃபோட்டோகிராஃபரின் கண்காட்சிப் படங்களை எல்லாம் அவள்தான் அச்சிடுகிறாள். அதில் ஒரு படத்தில் அவளே இருக்கிறாள். "நீங்க வந்து பாக்கணும்ப்பா" என்று விசிட் விசா எடுத்து அனுப்பியிருந்தாள்.

எனக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. துபாய் கராமாவில் ஸ்டெல்லா என்று ஓர் அம்மா இருக்கிறார். பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம். மகன் அபுதாபியில் எஞ்சினியர். எங்கள் பங்குச் சாமியார் மூலமாக ஜெனியின் ஃபோட்டோவை அவர்களுக்கு அனுப்பியிருந்தோம். பிடித்திருக்கிறது என்று பதில் வந்திருந்தது. நேரில் பேசி முடிப்பதுதான் பாக்கி.

ஜெனி இருந்தது பெண்கள் விடுதி, அங்கே நான் தங்க முடியாது. கராமாவில் லில்லியின் சித்தி மகன் இருக்கிற பேச்சிலர் ரூமில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு கிடைத்தது. குளியலறைக்கு முறை உண்டு. டியூட்டி யாருக்கு முந்தியோ அவருக்கு முதல் வாளி. எனக்கு டியூட்டி இல்லாததால் கடைசி வாளி. எங்கள் பள்ளியில் நான் வகுப்புக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். இங்கே சோப்புப் பெட்டியோடு வரிசையில் நின்றேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

மறுநாள் காலை ஷார்ஜாவுக்குப் புறப்பட்டேன். மெட்ரோ வராத காலம். தூண்கள் மட்டும் நடு ரோட்டில் எழுந்துகொண்டிருந்தன. பஸ்ஸில் முன்பக்கம் நல்ல இருக்கை காலியாக இருந்ததைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். வண்டியே என்னைப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருவர், "சித்தப்பா, அது லேடீஸ் சீட். எந்திரிச்சு வாங்க, ஃபைன் போட்டா ஊருக்குப் போன் போட்டுத்தான் காசு கேக்கணும்" என்றார். இளையான்குடிக்காரர், துபாயின் தேராவில் மசாலாக் கடையில் வேலை என்றார். தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார். ஷார்ஜா எல்லையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. அவர் பையிலிருந்து ஒரு பரோட்டாவைப் பிய்த்துத் தந்தார். நான் மறுத்தேன். "இந்த டிராஃபிக்ல வெக்கப்பட்டா பட்டினிதான்" என்றார்.

லேப் ஒரு கராஜுக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருந்தது. வெளியே கிரீஸ் நாற்றம், உள்ளே ஐஸ் மாதிரி ஏசி. ஜெனியோடு வேலை பார்க்கும் செல்வின், குளச்சல் பையன், ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "சாரே, வாருங்க வாருங்க. ஜெனி ரெண்டு மாசமா அப்பா வருதாங்க, அப்பா வருதாங்கன்னு ஒரே பாட்டு."

நான் ஆஷா மேடத்தை மலையாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெனி போனில் சொன்னதெல்லாம் பெயர் மட்டும்தான். நானே ஒரு உருவம் செய்து வைத்திருந்தேன்: காட்டன் சேலை, சிவந்த நிறம், மூக்குக் கண்ணாடி. வாசலில் கார் வந்து நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி வெள்ளையாக, கண்ணாடி போட்டவள். இன்னொருத்தி நல்ல உயரம், நல்ல கறுப்பு, தலையை ஒட்ட வெட்டியிருந்தாள். இரண்டு தோளிலும் பை, கையில் கேமரா ஸ்டாண்டு. நான் மக்ரூன் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக வெள்ளைப் பெண்ணிடம் போனேன். "ஆஷா மேடம், என் மகளைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி" என்று ஆங்கிலத்தில் சொல்லி, இரண்டு கையாலும் நீட்டினேன். சாமான் தூக்கி வந்த பெண்ணைப் பார்த்து, மூட்டையை உள்ளே வைக்கும்படி தலையால் சைகையும் காட்டினேன்.

அந்த வெள்ளைப் பெண் கண்காட்சிக் கூடத்தின் அலுவலர். சாமான் தூக்கி வந்தவர்தான் ஆஷா.

அவர் பைகளை நான் காட்டிய இடத்திலேயே இறக்கி வைத்தார். பிறகு டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி வாயில் போட்டார். "இதன் பெயர் என்ன?" என்று கேட்டார். மக்ரூன் என்றேன். "மக்ரூன் வழக்கமாக உருண்டையாக இருக்குமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜெனி மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் தலைச் சைகையைப் பார்த்திருந்தாள்.

ஆஷா பிறந்தது லண்டனில். தாய்வழி ஆப்பிரிக்கக் கரையோரத்துச் சான்சிபார்த் தீவு; அங்கேயும் ஆஷா என்று பெயர் உண்டாம். அவருடைய முன்னோர் ஒருவர் பாய்மரக் கப்பலில் அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, இந்த வளைகுடாவில்தான் முத்துக் குளித்தாராம். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் பேச்சு. எங்கள் கடற்கரையும் முத்துக்குளித்த கரைதான் என்றேன். அவர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கள் ஆட்களுக்கு முத்தில் பங்கு உண்டா?"

"கொஞ்சம் உண்டு. துறைக்கு எப்போதும் வேறு யாராவது ராஜா இருந்தார்கள்."

"எங்கள் ஆளுக்குப் பங்கும் இல்லை, பெயரும் இல்லை. அவர் எடுத்த முத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு வெள்ளை என்று பார்த்திருப்பார்கள்."

லேப்பின் சுவரில் ஒரு பழைய அட்டை ஒட்டியிருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரிக்கிறாள். கீழே வெள்ளையில் தொடங்கி, சாம்பல் கூடிக்கொண்டே போய், கறுப்பில் முடிகிற கட்டங்களின் பட்டை. ஜெனி விளக்கினாள். முன்பெல்லாம் லேப்புகளில் இப்படி ஒரு முகத்தை அச்சடித்துப் பார்ப்பார்களாம். அந்த முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. மற்ற முகங்கள் எல்லாம் அதே அளவில் ஓடும். கறுத்த முகங்கள் பல்லும் கண்ணும் மட்டுமாக வந்தால் குறை அந்த முகத்தின் மேல்தான்.

ஆஷாவின் வேலை அந்த அட்டையைத் திருப்பிப் போடுவது. அவர் எடுத்த ஒவ்வொரு படமும் அப்படியொரு அட்டை. கறுப்புத் திரைக்கு முன்னால் ஓர் ஆப்பிரிக்க முகம், ஒரே ஜன்னல் வெளிச்சம். படத்தின் அடி விளிம்பில் அதே சாம்பல் பட்டை. இந்த முகம் சரியாக வரும்வரை இயந்திரத்தைத் திருத்த வேண்டும். முகத்தைத் தொடக் கூடாது. தேராவில் டயர் வாங்கி லாகோசுக்கு அனுப்பும் வியாபாரி, ஒரு எத்தியோப்பிய நர்ஸ், படகு ஓட்டும் ஒரு முதியவர். முதல் பார்வைக்கு வெறும் இருட்டுத்தான். கொஞ்ச நேரம் நின்றால் நெற்றி வரும், பிறகு கன்னம். கடைசியில் அவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஒளி பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். ஒரு கறுப்புக்குள் இத்தனை கறுப்பு இருக்கும் என்று கரும்பலகையில் எழுதியதில்லை.

"எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்" என்றார் ஆஷா. "நீ எப்போது விடுதலையாக இருக்கிறாய்? அவர்கள் சொன்ன பதில்தான் படத்தின் பெயர்." நர்ஸின் படத்துக்கு 'வெள்ளிக்கிழமை பிற்பகல்' என்று பெயர். வியாபாரியின் படத்துக்கு 'நான் விலை சொல்லும்போது'.

"என் மகள் ஆப்பிரிக்கப் பெண் இல்லையே?" என்று கேட்டேன். கேள்வியில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

ஆஷா யோசித்துத்தான் சொன்னார். "இல்லை. அதை நாங்கள் நிறையப் பேசினோம். எங்கள் கறுப்பு நிறம் மட்டும் இல்லை, ஒரு வரலாறு. உங்கள் மகளுக்கு வேறு வரலாறு. நான் இரண்டையும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் அவள் தன் ஊர் ஃபோட்டோ ஒன்றை எனக்குக் காட்டினாள். எங்களை அளந்த அட்டைதான் அவளையும் அளந்திருக்கிறது. அதனால் அவள் கடைசிச் சுவரில், தனியாக."

ஜெனியின் படம் அன்றைக்கு அச்சாகியிருக்கவில்லை. எந்த ஊர் ஃபோட்டோ என்று நான் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமைதான் அங்கே வார விடுமுறை, தமிழ்த் திருப்பலியும் அன்றைக்குத்தான். ஊரில்கூட அத்தனை கூட்டம் பார்த்ததில்லை. பிறகு தேராவுக்குப் போய்ப் படகில் கழிமுகத்தைக் கடந்தேன். படகில் ஏறும்போது ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்தது. படகுக்காரர் துடுப்பால் எடுத்துத் தந்து, "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார். ஈரச் செருப்போடு மத்தியானம் ஸ்டெல்லா அம்மா வீட்டுக்குப் போனேன்.

சீலாமீன் குழம்பு, கணவாய் வறுவல், நம் ஊர் ருசி. ஸ்டெல்லா அம்மா பரிமாறிக்கொண்டே பேசினார். "அண்ணே, பொண்ணு ஃபோட்டோவ ஃபிரிட்ஜ் மேலயே வச்சிருக்கேன். வாறவங்க எல்லாரும், எங்க புடிச்ச, பொண்ணு நல்ல கலராருக்கேங்காங்க."

நான் மீன் முள்ளை எடுப்பதில் கவனமாக இருந்தேன். அந்த ஃபோட்டோ தூத்துக்குடி ஸ்டுடியோவில் எடுத்தது. கல்யாணத்துக்கு என்று சொன்னால் போதும், அவர்களே வெளுத்துக் கொடுத்துவிடுவார்கள். கேட்கக்கூட வேண்டாம். ஊரில் அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களும் மனதுக்குள் நிறத்தில் இரண்டு படி கழித்துக்கொண்டுதான் வருவார்கள்.

"உங்க பொண்ணு படம் ஷார்ஜால எக்சிபிஷன்ல வைக்காங்களாமே? சர்ச்சுல பேசிக்கிட்டாங்க. நானும் மவனும் தொறக்கிற அன்னைக்கே வந்துருதோம்."

மீனைப் புகழ்ந்துவிட்டுச் சீக்கிரமே எழுந்தேன். இரண்டு படி இல்லை, அந்தச் சுவரில் பத்துப் படி இறங்கியிருக்கும். பையன் கழித்துப் பார்ப்பானா? லில்லிக்கு என்ன பதில் சொல்வேன்? போகிற வழியெல்லாம் இதே கணக்கு.

சனிக்கிழமை ஜெனி ஆஷாவோடு சுவர் அளக்கப் போய்விட்டாள். லேப்பில் செல்வினும் நானும்தான். கம்ப்யூட்டரில் ஜெனியின் முகம் திறந்திருந்தது. என் மகள்தான். எண்ணெய் வைத்துப் பின்னாத முடி, என் தாடை, லில்லியின் கண். ஆனால் எனக்கு நிறம் மட்டும்தான் தெரிந்தது.

"ரொம்ப இருட்டா இல்ல, தம்பி?"

"அவங்களுக்கு அப்பிடித்தான் வேணுமாம் சாரே. நாளைக்கி மாட்டுதாங்க. இன்னைக்கி ஓட்டிரணும்."

"ஊர் ஸ்டுடியோவுல இப்பிடிக் குடுப்பாங்களா?"

செல்வின் சிரித்துவிட்டான். "குடுத்தா பொண்ணு வீட்டுக்காரங்க கடைய ஒடச்சிருவாங்க. குளச்சல்ல எங்க மாமன் ஸ்டுடியோவுல நான் இதுதானே பாத்தேன்? ஆளு படி ஏறும்போதே எவ்வளவு ஏத்தணும்னு கண்ணு சொல்லிரும்."

"கொஞ்சம் ஏத்துங்களேன்."

அவன் சிரிப்பு நின்றது. "ஒண்ணும் தொடக்கூடாதுன்னு ஜெனி சொல்லிட்டுப் போயிருக்கு."

"அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நான் அவ அப்பால்லா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாறாங்க தம்பி. அதிகம் வேண்டாம். கல்யாண ஃபோட்டோவுக்குப் போடுவீங்கள்லா, அந்த அளவு."

அந்த அளவு என்றால் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. முகத்தை மட்டும் தனியாக எடுத்துச் செய்ய நேரம் இல்லை என்று படத்தையே மொத்தமாக ஏற்றினான். விரல் ஒரு முறை நகர்ந்தது, அவ்வளவுதான். திரையில் ஜெனி வெளுத்தாள். எனக்கு மூச்சு வந்தது. "ஆங், அதுதான்" என்றேன். இயந்திரம் இங்கும் அங்கும் ஓடி அவளை அச்சடித்ததை, உடைந்த மக்ரூனைத் தின்றபடி நானும் செல்வினும் பார்த்துக்கொண்டிருந்தோம். செல்வின் அடுத்த வாரம் லீவில் ஊருக்குப் போகிறான். குழந்தை பிறந்து அவன் இன்னும் பார்க்கவில்லை. அப்பன் வந்த பிறகுதான் ஞானஸ்நானம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பெயர் என்ன வைக்கலாம் என்று என்னிடம் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை படங்களை மாட்டினார்கள். பழைய பவளக்கல் வீடு ஒன்றைக் கூடமாக்கியிருந்தார்கள். கடைசிச் சுவரில் பெயர்த் துண்டு முதலிலேயே ஒட்டியிருந்தது. குனிந்து படித்தேன்: 'ஊருக்கு ஃபோட்டோ அனுப்பாத நாட்களில்.'

என் மகள் எப்போது விடுதலையாக இருக்கிறாள் என்பதற்கு அதுதான் அவள் சொன்ன பதில். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம்.

ஆஷா மேல்தாளை எடுத்தார். அத்தனை கறுத்த முகங்களையும் தாண்டி, கடைசிச் சுவரில் ஜெனி பவுடர் போட்டு வந்தவள் மாதிரி நின்றாள். ஆஷா முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பட்டையைப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். கறுப்பாக இருக்க வேண்டிய கட்டம் சாம்பலாக இருந்தது.

"இயந்திரத் தவறு இல்லை" என்றார் மெதுவாக. "யாரோ கையால் ஏற்றியிருக்கிறார்கள்."

லேப் முதலாளி லெபனான்காரர். போன் போன அரை மணியில் செல்வினையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பட்டையைப் பார்த்ததும் அவருக்கும் விளங்கியது. "யார்?" என்று கத்தினார்.

செல்வின் ஒரு முறை என்னைப் பார்த்தான். ஒரே ஒரு முறை. பிறகு தரையைப் பார்த்து, அவனுக்குத் தெரிந்த இந்தியில், "என் கைதான் சார், தெரியாமல் பட்டுவிட்டது" என்றான்.

"கலாஸ், முடிந்தது. உனக்கு லீவ் மாஃபி, கிடையாது. எல்லாவற்றையும் மறுபடி நீ சரிபார்க்கும்வரை நீ எங்கும் போகப்போவதில்லை."

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். என் கையில் மேல்தாள் இருந்தது. அதை நான்காக மடித்தேன். மறுபடி பிரித்து மடித்தேன். ஜெனியின் பார்வை செல்வின் மேல் இல்லை, என் மேல் இருந்தது. பள்ளியில் ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவன் அடி வாங்கினால், செய்தவனைத்தான் நான் இரண்டு மடங்கு திட்டுவேன்.

திரும்பும் பஸ்ஸில் பின்பக்கம் இருக்கைகள் காலியாக இருந்தன. உட்காரத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கராமாவரை நின்றே வந்தேன்.

காலையில் என் வாளி முறை வருமுன்பே கிளம்பி, ஜெனியின் விடுதிக்குப் போனேன். கீழே கஃபட்டேரியாவில் அவளுக்குப் பால் விடாத சுலைமானி டீயும் எனக்குப் பால் டீயும் வந்தன.

"ஜெனி, செல்வின் தம்பி மேல தப்பு இல்லம்மா."

"தெரியும்."

"நான்தான்..."

"தெரியும்ப்பா. நேத்து பாத்த உடனே தெரியும். அந்த அளவு வேற யாருக்கும் வராது. அது தூத்துக்குடி அளவு. எத்தன ஃபோட்டோவுல என் மூஞ்சிய அதே அளவுல பாத்திருக்கேன்!" அவள் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லுவீங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். அங்கேயே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

மாப்பிள்ளை வீட்டைப் பற்றியும் சொன்னேன். அதற்கு அவள் கோபப்படவில்லை. "அந்தப் பையனுக்கு நான் யாருன்னு நெனச்சு ஃபோட்டோ அனுப்புனீங்க?" என்று மட்டும் கேட்டாள். டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிட்டாள்.

லேப்புக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் ஆசிரியர் என்று சொன்னார்களே?" என்றார். செல்வினுக்கு லீவ் திரும்பக் கிடைத்தது. அவன் கையைப் பிடிக்கப் போனேன். "விடுங்க சாரே, எங்க அப்பாவும் இதத்தான் செஞ்சிருப்பாரு" என்றான். அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ஆஷா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் படத்தை மேசையில் விரித்து, நெடுநேரம் பார்த்தார். "நான் பல வருஷங்களாக இந்தப் படத்தைத்தான் எடுக்க முயன்றுகொண்டிருக்கிறேன்" என்றார். "அட்டையை யாரும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இதைப் புதுப் பிரதிக்குப் பக்கத்தில் மாட்டுவேன். நீங்கள் இருவரும் சம்மதித்தால்."

நான் தலையாட்டிவிட்டேன். எதற்கும் தலையாட்டும் நிலையில் இருந்தேன்.

"வேண்டாம்" என்றாள் ஜெனி ஆங்கிலத்தில். "நீங்கள் சொல்வது சரி. ஆனால் என் அப்பாவைச் சுவரில் தொங்கவிட எனக்கு இஷ்டமில்லை."

ஆஷா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படத்தைச் சுருட்டினார். "சரி. உன் முகம், உன் அப்பா. நீதான் முடிவு செய்ய வேண்டும்" என்றார். அவரை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

புதுப் பிரதியை ஜெனியே ஓட்டினாள். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். எதுவும் விளக்கவில்லை. கறுப்பு வரிவரியாக வந்து விழுந்தது. வெகுநேரம் கழித்து அதற்குள்ளிருந்து அவள் வந்தாள்.

திறப்பு நாள் சாயங்காலம் நர்ஸ் வந்திருந்தார், லாகோஸ் வியாபாரி தங்கப் பொத்தான் போட்ட நீல அங்கியில் வந்திருந்தார். தன் படத்துக்கு முன்னால் நின்று, "இவன் அதிக விலை சொல்வான் போலிருக்கிறதே" என்று சத்தமாகச் சொல்லி, எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

ஸ்டெல்லா அம்மாவும் மகனும் வந்தார்கள். கடைசிச் சுவரையும் பார்த்தார்கள், கடந்து போனார்கள். ஸ்டெல்லா அம்மா திரும்பி வந்து என்னிடம் கேட்டார். "அண்ணே, எல்லாத்தையும் பாத்தாச்சு. நம்ம பொண்ணு படம் எங்க?"

நான் காட்டினேன்.

அவர் பக்கத்தில் போய்ப் பார்த்தார், விலகி நின்று பார்த்தார். கைப்பையைத் தோளில் மாற்றிப் போட்டார். "ஓ... லைட்டு சரியில்ல போல, இல்லண்ணே?"

மூன்று நாட்களுக்கு முன்புதான் ஒருமுறை வாய் மூடி நின்று, அதற்காக வெந்து போயிருந்தேன். இப்போது என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். மனதுக்குள் சொல்லியும் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த அம்மா நான் தப்பித்துப் போக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நான், "ஆமா, லைட்டு..." என்றேன்.

பின்னால் ஜெனி நின்றிருந்தாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "ஆன்ட்டி, லைட்டு எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் இந்தக் கலர்தான். வேணும்னா வெளிய வாங்க, இன்னும் வெயில் இருக்கு."

ஸ்டெல்லா அம்மா சிரித்துச் சமாளித்தார். பையன் மட்டும் படத்துக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றான். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. பிறகு கராமாவிலிருந்து போன் வரவில்லை. நாங்களும் போடவில்லை.

விமான நிலையத்தில் ஜெனி ஒரு நீளக் குழாயைத் தந்தாள். "நீங்க போடச் சொன்ன படம். நீங்களே கொண்டு போங்க. ஹால்ல மாட்டுங்க."

"எதுக்கும்மா?"

"மாட்டுங்கப்பா. கீழ உள்ள பட்டைய மட்டும் வெட்டிராதீங்க." பிறகு என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

ஊரில் லில்லி படத்தை விரித்தவுடன், "அய்யோ, என்ன அழகா எடுத்திருக்காங்க! எந்த ஸ்டுடியோ?" என்றாள். ஃபிரேம் கடைக்காரர் அளவு எடுத்துவிட்டு, பென்சிலால் கீழே ஒரு கோடு போடப்போனார். "இந்தக் கட்டத்தை வெட்டிருவோம் சார். மூஞ்சி மட்டும் இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்." வேண்டாம் என்றேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். துபாய்த் தண்ணி பொண்ணுக்கு ஒத்துக்கிட்டு, நல்ல கலராயிட்டா என்கிறார்கள். முதல் சில வாரங்கள் நான் காபி எடுத்துவர உள்ளே போய்விடுவேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்த எங்கள் கோயில் உபதேசியாரும் அதையே சொன்னார். நான் எழுந்து போகவில்லை.

"அவ நெறம் இது இல்ல. நான் மாத்தச் சொன்னது" என்றேன். அடுப்படியில் லில்லியின் பாத்திரச் சத்தம் நின்றது.

உபதேசியார் சிரித்தார். "எல்லாரும் செய்யுறதுதானே சார்?"

அவரைப் படத்துக்குப் பக்கத்தில் கூட்டிப் போனேன். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தேன். கண்ணாடி குளிர்ந்திருந்தது. "இது கறுப்பா இருக்கணும்" என்றேன். "பாருங்க."